வழுவும் வழுவமைதியும்

‘டீவியேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல் வாலாஜாபேட்டையில் வீடு கட்டிய எவருக்கும் புதிதன்று. நகராட்சி ஒப்புதல் அளித்த வரைபடத்தில் பக்கவாட்டில் மூன்றடி இடம் விடப்பட்டிருக்கும்; எழுந்து நிற்கும் வீட்டில் அது ஒன்றரை அடியாகச் சுருங்கியிருக்கும். மாடிப்படி ஒரு முழம் தெருப்பக்கம் நீண்டிருக்கும். திண்ணை இருக்க வேண்டிய இடத்தில் கடை ஒன்று முளைத்திருக்கும். “சின்ன டீவியேஷன்தான் சார், பாத்துக்கலாம்” என்பார் மேஸ்திரி. அவர் குரலில் கண்டனமும் இராது, வெட்கமும் இராது. மழைக்காலம் என்றால் சளி பிடிக்கும், கட்டடம் என்றால் சற்று விலகும் என்ற பொறுமையே அதில் ஒலிக்கும். அரசும் அப்படியொன்றும் கடுமை காட்டுவதில்லை. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவுகளுக்காக 2017இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திட்டத்தின் பெயர் ‘வரன்முறைப்படுத்துதல்’. கட்டணத்தைச் செலுத்தினால், விலகி நின்றது வரன்முறைக்குள் வந்துவிடும். நல்ல சொல். இச்சொல்லின்மீது நமக்குத் தனியொரு மதிப்பு உண்டு. காரணம் பின்னால் வரும்.

இதே சொல்லின் உடன்பிறப்பு ஒன்றைத் தமிழாக்க நேர்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கிற்று. அண்டையூர்க் கல்லூரி ஒன்றில் சமூகவியல் கற்பிக்கும் நண்பர், தமிழ்வழி மாணவர்களுக்காகத் தாமே பாடக்குறிப்புகள் எழுதி வருகிறார். ‘டீவியன்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு பாடம். அதில் ‘டீவியன்ட்’ என்று மனிதரைக் குறிக்கும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. “நல்ல தமிழா ஒண்ணு சொல்லுங்க சார்” என்று கேட்டுவிட்டு, பழைய தேர்வுக் கையேடு ஒன்றையும் நம் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கையேட்டில் அச்சொல்லுக்கு ‘நெறி பிறழ்ந்தோர்’ என்று பொருள் தரப்பட்டிருந்தது. அதன் கீழே எடுத்துக்காட்டாக ஒரு பட்டியல்: திருடர், குடிகாரர், சூதாடிகள், விலைமாதர், அலிகள், ஓரினச் சேர்க்கையாளர்.

முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஒப்படைவைத் தர வந்தவர், நாம் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கையேட்டை எடுத்துப் படித்திருக்கிறார். “ஐயா, இந்தப் பட்டியல்ல எங்க அக்கா இருக்காங்க” என்றார். அவர் குடும்பத்தை நாம் ஓரளவு அறிவோம். தந்தை இராணிப்பேட்டைப் பக்கம் தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். தலைப்பிள்ளை திருநங்கை, பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போய், தாய் நோயுற்றபோது திரும்பி வந்து, இன்று தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுபவர். மாணவர் குரலில் சினம் ஏதும் இல்லை. பட்டியலை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “எங்க அப்பாவும் இதுல இருக்கார் ஐயா, குடிகாரர்னு. அவர் நாளைக்கே நிறுத்தினா பட்டியல்லேருந்து வெளிய வந்துடலாம். அக்கா எப்படி வர்றது?”

பதில் எதையும் எதிர்பாராமல் அவர் வகுப்புக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில மாதங்களாக அகராதிகளையும் இலக்கண உரைகளையும் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஆங்கிலச் சொல். அதன் வேர் இலத்தீனத்தில் இருக்கிறது. ‘வியா’ என்றால் பாதை. ‘டி’ என்ற முன்னொட்டு ‘இருந்து விலகி’ என்ற பொருளைத் தருவது. ஆக, பாதையைவிட்டு அப்பால் போதல், அவ்வளவே. போனவர் நல்லவரா கெட்டவரா என்பது சொல்லுக்குள் இல்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர் நிழலுக்காக ஒதுங்கினாலும் இதே சொல்தான். ‘நார்ம்’ என்பதன் கதை இன்னும் சுவையானது. ‘நார்மா’ என்றால் தச்சரின் மூலைமட்டம். மரச்சட்டம் நேர்கோணத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் கருவி, பின்னாளில் மனிதர் நேராக நிற்கிறார்களா என்று பார்க்கும் கருவியாயிற்று. நம்மிடமும் இப்படி நடந்திருக்கிறது. ‘நெறி’ என்பது வழியேதான். நல்வழி என்ற பொருள் பின்னர் ஏறியது. கோல் நேராக நின்றால் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். நீதியை நேர்கோட்டோடும் அநீதியைக் கோணலோடும் சேர்த்துப் பார்ப்பது உரோமருக்கு மட்டுமே உரிய பழக்கம் அன்று.

இச்சொல் மிகச் சாதுவாகத் திரியும் இடம் புள்ளியியல். ‘ஸ்டாண்டர்டு டீவியேஷன்’ என்ற தொடரைக் கார்ல் பியர்சன் 1890களில் வழக்குக்குக் கொண்டுவந்தார். நம் பள்ளிப் பாடநூல்களில் அது ‘திட்ட விலக்கம்’. (மொழிபெயர்ப்பாளர் யாரோ, வாழ்க.) ஒரு வகுப்பின் மதிப்பெண்களுக்குச் சராசரி காண்கிறோம்; ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று கணக்கிடுகிறோம். இதில் இரண்டு செய்திகள் உண்டு. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் சராசரி மதிப்பெண்ணை அப்படியே பெற்ற மாணவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம். அப்போது வகுப்பு முழுவதுமே விலகியவர்கள்தாம். இரண்டாவது, சராசரியிலிருந்து மேலே விலகியதையும் கீழே விலகியதையும் கூட்டினால் எப்போதும் சுழியமே வரும். அதாவது நடுப்புள்ளி என்பதே விலகல்களால் ஆனது. விலகலே இல்லாத வகுப்பு வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும். அப்படி நேர்ந்தால் தேர்வு மேற்பார்வையாளரைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

இனித் தமிழுக்கு வருவோம். விலகுதல், பிறழ்தல், திரிதல், வழுவுதல், கோடுதல், மாறுதல், மீறுதல், தவறுதல் என்று நம்மிடம் ஒரு பெருங்குடும்பமே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாயல். ‘மீறு’ என்றால் எல்லை ஒன்றை அறிந்தே தாண்டுவது. ‘வழுவு’ என்றால் கால் சறுக்குவது. சறுக்கியவர் மீண்டும் எழுந்து நடக்கலாம். ‘விலகு’ என்பதில் பாதையும் அப்படியே இருக்கிறது, நடப்பவரும் அப்படியே இருக்கிறார்; இடையில் உள்ள தொலைவு மட்டுமே மாறுகிறது. ‘பிறழ்’ என்பது இன்று பெரிதும் பழிச்சொல்லாகிவிட்டது. ஆனால் சங்கப் பாடல்களைப் பயின்றவர்களுக்குக் கயல் மீன் நினைவுக்கு வரும். நீரில் மீன் புரண்டு வெள்ளி வயிறு மின்னும் அந்தக் கணத்துக்கும் பிறழ்தல் என்றே பெயர். இயற்பியல் நூலில் ‘நிறப்பிறழ்ச்சி’ என்று படிக்கும் மாணவர் வில்லையைக் குறைசொல்லலாம், ஒளியைக் குறைசொல்ல மாட்டார். அதே சொல் ‘நெறி பிறழ்ந்தோர்’ என்று வரும்போது வாசலில் காவலர் ஒருவர் வந்து நின்றுவிடுகிறார்.

இந்தக் குடும்பத்தில் நமக்கு மிகவும் பிடித்தது ‘திரி’. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். ‘ன்’ என்பது ‘ற்’ ஆகத் திரிகிறது. திரியாமல் எழுதினால்தான் பிழை. சொற்களை நான்காகப் பகுத்த தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றுக்குத் திரிசொல் என்று பெயரிட்டார். அது புலவர்களின் சொல், கற்றோர் மட்டுமே உணரும் சொல். பாலைக்கெனத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்லும் செய்தி. பிரிவைப் பாடிய அகப்பாடல்கள் பலவும் அந்தத் திரிந்த நிலத்தின்மேல் நிற்பவை. பாலும் திரியும், அதை மட்டும் வீட்டில் கொட்டிவிடுவார்கள்.

பேச்சு வழக்கில் வேறு சொற்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு எங்களூர் வாலாஜா ரோடு வரை வந்தது. அந்த ரயில் கொண்டுவந்த சொற்களுள் ஒன்று ‘தடம் புரண்டவன்’. தண்டவாளம் வராமல் அந்த வசை முழுமை பெற்றிருக்காது. இன்னொன்று, ‘தறிகெட்டவன்’. இங்கே தறி என்பது கட்டுத்தறி, மாட்டையோ யானையையோ கட்டி வைக்கும் முளை. ஆனால் நெசவாளர் நிறைந்த எங்களூரில் பிள்ளைகள் அதை நெய்யும் தறி என்றே கொள்வார்கள். நூல் அறுந்து சிக்கிய தறி என்று வகுப்பில் ஒரு மாணவி விளக்கமே எழுதினார். மதிப்பெண் கொடுக்க இயலவில்லை. ஆயினும் அது உரைகாரர் எவருக்கும் தோன்றாத விளக்கம்.

நெசவு என்றதும் இன்னொன்று. வாலாஜாபேட்டையில் வாழ்ந்தவர் வேங்கடரமண பாகவதர். 1781இல் பிறந்தவர், தியாகராஜரின் நேர்ச்சீடர். அவர் வழியில் வந்த சுவடிகளும் பாடமுறையும் ‘வாலாஜாபேட்டைப் பாடம்’ என்று இன்றும் பேசப்படுகின்றன. தில்லைஸ்தானம் ஒரு வழி, உமையாள்புரம் ஒரு வழி, வாலாஜாபேட்டை ஒரு வழி. ஒரே கீர்த்தனை மூன்று வழியிலும் சிற்சில இடங்களில் வேறுபடும். இதற்குச் சங்கீத உலகம் வைத்திருக்கும் சொல் பாடபேதம். பேதம் என்றால் வேறுபாடு. எது பாதை, எது பாதையைவிட்டு விலகியது என்ற கேள்வியையே அச்சொல் கேட்பதில்லை. மூலவர் ஒருவராயினும் வழி மூன்று என்று ஒப்புக்கொண்ட சொல் அது.

நிற்க. இலக்கணம் என்றதும் வாசகர்கள் அஞ்ச வேண்டாம். நாம் சொல்ல வந்த செய்தி அங்கேதான் இருக்கிறது. சொல்லதிகாரத்துக்கு உரை கண்டவர்கள் மொழிநடையை மூன்றாகப் பார்த்தார்கள். வழாநிலை, வழு, வழுவமைதி. வழாமல் வருவது முதலாவது. திணை, பால், இடம், காலம், மரபு, வினா, விடை என்னும் ஏழில் ஏதாவது மயங்கினால் அது வழு. மூன்றாவதுதான் தமிழ் இலக்கணத்தின் பெருந்தன்மை. வழு போலவே தோன்றும், ஆனால் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படும், அது வழுவமைதி. சாப்பிட அழைத்த தாய்க்கு, இன்னும் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை “இதோ வந்துட்டேன்” என்கிறது. வரவில்லை, ஆனாலும் இறந்தகாலத்தில் சொல்கிறது. இது விரைவு பற்றிய காலவழுவமைதி என்று தொல்காப்பியம் இடம்விட்டு வைத்திருக்கிறது. பெண் குழந்தையை “வாடா கண்ணா” என்று கொஞ்சுகிறோம். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தால் அது இயல்பே என்கிறார் பவணந்தி. காலத்தால் பழையன கழிவதும் புதியன புகுவதும் வழுவல்ல என்று நன்னூலை முடிக்கும் இடத்தில் சொன்னவரும் அவரே. இலக்கணம் என்றாலே பிரம்போடு நிற்பவர் என்று எண்ணுகிறவர்கள் இப்பகுதிகளை ஒருமுறை படிக்க வேண்டும். விலகலைக் கண்டவுடன் ‘பிழை’ என்று அடிக்காமல், ‘என்ன காரணம்?’ என்று கேட்கும் நூல் அது. மேஸ்திரி சொன்ன ‘டீவியேஷ’னுக்கு அரசு கொடுத்த ‘வரன்முறைப்படுத்துதல்’ இந்த வழுவமைதியின் அலுவலக வடிவம் என்பதாலேயே அச்சொல் நமக்குப் பிடித்தது.

இப்போது அந்த மாணவரின் அக்காவிடம் வருவோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். உலகிலுள்ள பொருள்களை உயர்திணை, அஃறிணை என்று பகுத்து, உயர்திணைக்கு ஆண், பெண், பலர் என்னும் மூன்று பால்களைச் சொல்லி முடித்த உடனே, நான்காவது நூற்பாவில், இந்தப் பகுப்புக்குள் நேரே அடங்காதவர்களை ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். ஆண்மை திரிந்து பெண்மை கொண்டவரைக் குறிக்கும் பெயர் அங்கே வருகிறது. அவர் ஆண்ட சொல் ‘திரிந்த’ என்பதே. பிறழ்ந்த என்று இல்லை, வழுவிய என்று இல்லை. ‘ன்’ ‘ற்’ ஆகும்போது நடப்பதற்கு என்ன பெயரோ அதே பெயர். இவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை, உயர்திணைக்குரிய விகுதிகளையே பெறுவர் என்பது விதி. உரையாசிரியர்கள் ‘பேடி வந்தாள்’ என்று எடுத்துக்காட்டுவர். சற்றுத் தள்ளி இன்னொரு நூற்பா, இப்பெயருக்கு ஆண்பால் முடிவு பொருந்தாது என்றும் வரையறுக்கிறது. எல்லாவற்றிலும் நமக்கு வியப்பூட்டுவது, அந்த நான்காம் நூற்பாவில் உடன் அமர்ந்திருப்பவர் யார் என்பது. தெய்வம்! தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கும் தனி விகுதி கிடையாது, அவையும் உயர்திணை விகுதியையே பெறும் என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. பட்டியல்கள் இப்படியும் போடப்பட்டிருக்கின்றன. கையேட்டுக்காரர் குடிகாரருக்கும் விலைமாதருக்கும் பக்கத்தில் வைத்தவரை, தொல்காப்பியர் தெய்வத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

இதைக் கண்டு உடனே மேடை ஏறிவிடவும் கூடாது. தமிழ் மரபு முழுவதும் இப்படியே இருந்தது என்று சொல்வது வரலாறாகாது, ஆசையே ஆகும். நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவியவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவியவரைப் பெண்பாலாகவும் கொள்கிறது. பிறப்பைப் பாராமல் விழைவைப் பார்த்துப் பால் வகுத்த அந்தத் தெளிவு பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு மிகப் பெரிது. ஆனால் அதே நூற்பா இருவரையும் அஃறிணை போலவும் கொள்ளலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வள்ளுவர் இரண்டு இடங்களில் பேடியின் கை வாளைப் பயனின்மைக்கு உவமையாக்கினார். தெருவில் புழங்கிய வசைகளை இங்கே எழுத வேண்டியதில்லை. அலி என்பது அரவாணியாகி, அரவாணி திருநங்கையாகி, 2008இல் நாட்டிலேயே முதலாவதாக இவர்களுக்கான நலவாரியம் தமிழ்நாட்டில் அமைந்தது வரை ஒவ்வொரு சொல்லும் யாரோ போராடிப் பெற்றது. நம் கையிலிருந்த கையேடு இந்தப் பயணத்தில் முதல் படியிலேயே நின்றுவிட்டது.

ஆங்கிலத்தில் நடந்ததும் இதைப் போன்றதே. பாதை விலகுதல் என்ற வினை பல நூற்றாண்டுகள் ஊறு செய்யாமல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது மனிதரின் பெயராக உறைந்தது. அமெரிக்க உளநல மருத்துவர் சங்கம் 1952இல் வெளியிட்ட நோய்க் கையேட்டில் ஒருபால் ஈர்ப்பைப் ‘பாலியல் விலகல்’ என்ற தலைப்பின்கீழ் வைத்தார்கள். 1973 டிசம்பரில் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். ஒரு கூட்டத்தில் கைதூக்கிச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய நோய், நோயாளியின் உடம்பில் எங்கே இருந்திருக்கும்? சமூகவியலாளர் ஹோவார்டு பெக்கர் 1963இல் வெளியிட்ட நூலில் சொன்னதும் இதையொட்டியதே: விலகல் என்பது செயலில் உள்ள குணம் அன்று, பிறர் அச்செயலின்மீது ஒட்டும் சீட்டின் விளைவு. நண்பரின் பாடத்திலும் பெக்கர் இருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் பெக்கரை விளக்கிவிட்டு மூன்றாம் பக்கத்தில் பட்டியல் போட்டால் மாணவர் எதை மனப்பாடம் செய்வார் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த ஆணையை இங்கே குறிப்பிட வேண்டும். பெற்றோருக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டு வந்த இரு பெண்களின் வழக்கு அது. ஒருபால் ஈர்ப்பை மருத்துவத்தால் ‘குணப்படுத்தும்’ முயற்சிகளுக்கு அந்த ஆணை தடை விதித்தது. இப்பொருளைத் தாம் சரிவர அறியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்வு கேட்டுச் சென்று கற்றுக்கொண்ட பின்பு நீதிபதி அதை எழுதினார். மருத்துவ மாணவர்களின் பாடநூல்களில் உள்ள இழிவான வருணனைகளும் அவ்வழக்கில் கேள்விக்குள்ளாயின. அதன் தொடர்ச்சியாக, இம்மக்களைக் குறிக்க எந்தச் சொற்களை ஆளலாம் என்று ஒரு தமிழ்ச் சொற்றொகுதியைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. நீதிமன்றம் சொல்லித்தான் அகராதி வர வேண்டியிருந்தது என்பதில் தமிழ்த்துறைகளுக்குப் பெருமை ஏதும் இல்லை. மணிப்பிரவாளம் பற்றி ஆயிரம் ஆய்வேடுகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளையை எப்படி அழைப்பது என்பதற்கு ஓர் ஆய்வேடு எழுதலாம்தானே.

இச்சொல் யார்மீது எப்படி விழுகிறது என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாலாற்றங்கரைக்குப் போனால் போதும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீருக்கு நியமங்கள் உண்டு. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது; குரோமியம் 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று இந்த வட்டாரம் முழுவதும் அந்தக் கோடு எத்தனை முறை தாண்டப்பட்டது என்பதை ஆற்று மணலைக் கேட்டால் சொல்லும். ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போய்விட்டது என்று பதிவு செய்கிறது. மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்திய நீதிமன்றங்களில் வேரூன்றியதற்கு எங்கள் மாவட்டத்து நிலம் கொடுத்த விலை அது. அந்த ஆலைகளில் உழைத்துத்தான் இங்கே பல குடும்பங்கள் உண்டு உடுத்திப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன என்பதையும் நாம் மறுக்கவில்லை. நம் மாணவர்களில் பாதிப்பேர் அந்தக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். நாம் சுட்ட வருவது சொல்லை மட்டுமே. 35,000 ஹெக்டேரைக் கெடுத்ததற்கு ‘நியமங்களிலிருந்து விலகல்’ என்ற வினைப்பெயர் போதுமானதாக இருந்தது. எவரையும் ‘பிறழ்ந்தோர்’ என்று யாரும் பட்டியலில் அடைக்கவில்லை. சேலை கட்டிய ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தப் பெயர்ச்சொல் தேவைப்பட்டிருக்கிறது.

நெறி எது என்பதும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. புரோகிதர் இல்லாமல், சடங்கு இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒரு காலத்தில் எல்லா வகையிலும் விலகல். 1950களில் அப்படி நடந்த திருமணம் ஒன்றைச் சட்டப்படி செல்லாது என்றே சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்தது. 1967இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து அத்திருமணங்களை ஏற்றது. அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்தே ஏற்றது. எத்தனையோ இல்லங்களில் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் ஒரு காலைப்பொழுதில் முன்தேதியிட்டு வழாநிலைக்கு வந்தார்கள். பவணந்தி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார். மறுபுறம் வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆனால் எங்களூர்த் திருமண மண்டபங்களில் அதை வாங்காத மாப்பிள்ளையைத்தான் ‘ஏதாவது குறை இருக்குமோ’ என்று பார்க்கிறார்கள். அங்கே யார் விலகியவர்?

நண்பரிடம் இவ்வளவையும் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். பிறகு, “சார், நீங்க தமிழ் சார். எனக்குப் பத்து மார்க் கேள்விக்கு ஒரு வார்த்தை வேணும்” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. விடைத்தாள் திருத்துபவர் மூன்று நிமிடத்தில் ஒரு விடையைப் பார்த்து முடிப்பார். அவர் தேடுவது கலைச்சொல்லை. நீண்ட விளக்கம் எழுதிய மாணவர்தான் மதிப்பெண் இழப்பார். நல்ல எண்ணத்துக்காக ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. கிட்டத்தட்ட ஒரு மாலை முழுதும் வாதிட்டோம். தேநீர் மூன்று முறை வந்தது.

முடிவில் செயலுக்கு ‘விலகல் நடத்தை’ என்ற தொடரை அவர் ஏற்றுக்கொண்டார். ‘நெறிபிறழ் நடத்தை’ என்று தேர்வில் கேட்டால் மாணவர் திகைக்கக் கூடாது என்பதால், அதுவும் வழக்கில் உள்ளது என்று ஒரு வரி சேர்த்தார். மனிதரைக் குறிக்கும் பெயர்தான் பிடிகொடுக்கவில்லை. ‘விலகியோர்’ என்றால் மீண்டும் ஒரு பட்டி, ஒரு வேலி. அப்போதுதான் தமிழில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல் கைகொடுத்தது: ‘எனப்படும்’. இலக்கண நூல்களிலும் அறிவியல் நூல்களிலும் வரிக்கு வரி வரும் சொல். ‘விலகியோர் எனப்பட்டோர்’ என்று எழுதினால், யாரால் எனப்பட்டார்கள் என்ற கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். பெக்கர் ஒரு நூல் முழுவதும் எழுதியதை நம் மொழி ஒரு செயப்பாட்டு வினையில் வைத்திருக்கிறது. நண்பர் இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். “நீளம்தான், பரவாயில்லை” என்றார்.

பட்டியலையும் மாற்றினார். கையெழுத்துப் படியில் இப்போது சுயமரியாதைத் திருமணம் முதல் எடுத்துக்காட்டாக நிற்கிறது. அடுத்து வரிஏய்ப்பு, கழிவுநீர், கட்டட வரைபடம். மருத்துவர்கள் ஒரு காலத்தில் எதையெல்லாம் விலகல் என்று எழுதிப் பின்னர் அழித்தார்கள் என்பதற்கு ஆண்டுகளோடு ஒரு பத்தி. குடிகாரரை எடுப்பதா வைப்பதா என்று தயங்கினார். குடிநோய் என்று தனித் தலைப்பில், சிகிச்சை பற்றிய பாடத்துக்கு மாற்றலாம் என்றோம். மாற்றினார்.

மாணவரிடம் படியைக் காட்டினோம். ‘எனப்பட்டோர்’ என்ற இடத்தில் பேனாவால் மெல்லக் கோடிட்டு, “இது உயர்திணைப் பலர்பால் வினையாலணையும் பெயர், சரிதானே ஐயா?” என்று கேட்டார். முதுகலைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்றோம்.

நண்பர் போன வாரம் மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறார். ‘நார்மல்’ என்பதற்கு என்ன எழுதுவது என்று கேட்கிறார். கணக்கில் அது செங்குத்து, புள்ளியியலில் இயல்நிலை, மருத்துவமனையில் நார்மல். ‘இயல்பு’ என்று எழுதலாம்தான். ஆனால் பாலும் திணையும் மாறி வருவதைத்தானே பவணந்தி இயல்பு என்கிறார்? ஒரு வாரம் தவணை கேட்டிருக்கிறோம்.